செங்கம் ரோட்டுப் பூனை வீடு

லைட்னிங் செத்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அன்று காலை சரசு அதன் அலுமினியத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பின்வாசல் படியில் நின்று அதைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அடுப்படியில் பூனைகளுக்கு மீன் வேகவைத்துக்கொண்டிருந்த ஹபீபுன்னிசா, சத்தம் கேட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

“இன்னாம்மா, யாரைக் கூப்புடுறீங்க?”

“லைட்னிங்கைத்தான். நேத்துலேருந்து கண்ணுலயே படல. காலு வேற சரியில்ல அதுக்கு. ரோட்டுப் பக்கம் போயிருக்குமோ?”

“அது செத்துப்போச்சேம்மா. அந்த நோவு வந்த வருசம். உங்க மடியிலதான உசுரு போச்சு.”

சரசு தட்டைக் கீழே வைத்தாள். “எப்போ?” என்று கேட்டாள். பிறகு படியிலேயே உட்கார்ந்து, அப்போதுதான் தந்தி வந்ததுபோல அழுதாள். ஹபீபுன்னிசா பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள். மீன் தீய்கிற வாடை வந்த பிறகுதான் எழுந்து உள்ளே போனாள்.

இது எண்பத்து மூன்றாம் வருஷம், ஆவணி மாதம். மறுநாள் காலையும் சரசு அதே தட்டோடு அதே படியில் வந்து நின்றாள்.

சரசு திருவண்ணாமலை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆப்பரேட்டராக இருந்து ரிட்டயர் ஆனவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊரில் டெலிபோன் வைத்திருந்த அத்தனை பேரின் நம்பரும் அவளுக்கு மனப்பாடம். அரிசி மண்டிக்காரர் ரிசீவரை எடுத்து “அம்மா, மச்சானுக்குப் போடுங்க” என்று மட்டும் சொல்வார். எந்த மச்சான் என்று கேட்காமலே சரியான இடத்துக்குப் போட்டுக்கொடுப்பாள்.

எழுபத்து நாலில், எக்ஸ்சேஞ்சின் பேட்டரி அறையில் கிடந்த பழைய பெட்டி ஒன்றில் ஒரு பூனை நாலு குட்டி போட்டது. ஆசிட் இருக்கிற அறை. குட்டிகள் கண் திறந்து நடக்க ஆரம்பித்தால் வெந்து சாகும். டியூட்டி முடிந்ததும் சரசு தாயையும் குட்டிகளையும் ஒரு பிரம்புக் கூடையில் போட்டு, மேலே துண்டைக் கட்டி, செங்கம் ரோட்டில் ஆசிரமம் தாண்டியிருந்த தன் ஓட்டு வீட்டுக்கு ரிக்‌ஷாவில் கொண்டுபோனாள். குட்டிகளுக்கு வெளியூர் டிரங்க் கால் வகைகளின் பெயரை வைத்தாள்: ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங். நாலாவதுக்கு லோக்கல். பின்னால் உட்கார்ந்து எல்லாரையும் முறைத்துக்கொண்டிருந்த தாய்க்கு சூப்பர்வைசர். மின்னல் வேகத்தில் கிடைக்கிற காலின் பெயரை வாங்கிய லைட்னிங்குக்குப் பின்னங்கால் பிறவியிலேயே வளைந்திருந்தது. தட்டுக்குக் கடைசியாக வந்து சேருவது அதுதான்.

சரசு சைவம். குட்டிகள் பால் மறந்த பிறகு தயிர்சாதம் வைத்துப் பார்த்தாள். முகர்ந்துவிட்டுப் போய்விட்டன. மீன் வேண்டும், அதைத் தொட ஓர் ஆள் வேண்டும் என்று விசாரித்தபோதுதான் ஹபீபுன்னிசா வந்தாள். அவள் கணவன் மஸ்தான் லாரி கவிழ்ந்து இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கறிக்கடை வைத்திருந்த அண்ணன் சாந்த் பாஷாவின் வீட்டில், மகள் சாயிரா பானுவோடு ஒண்டியிருந்தாள்.

“பூனைக்குச் சமைக்கவா ஆளு?” என்று முதல் நாள் கேட்டாள்.

“ஆமா.”

“ஊர்ல கேட்டா சிரிப்பாங்கம்மா.”

“சிரிக்கட்டும். சிரிக்கிறவங்க வீட்டுக் குட்டியெல்லாம் நாளைக்கு என் கேட்டுலதான் வந்து கெடக்கப்போவுது” என்றாள் சரசு.

அப்படியேதான் ஆயிற்று. கூடையில், கோணியில், பிஸ்கட் டப்பாவில் குட்டிகள் வர ஆரம்பித்தன. தீபம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, வெடிச் சத்தத்தில் வழி தப்பியவை தாமாகவே வந்தன. யாரோ கேலிக்கு மதில் சுவரில் கரியால் ‘பூனை வீடு’ என்று எழுதிவிட்டுப் போனான். சரசு அதை அழிக்கவில்லை. பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்த ஆளிடம், அதையே நீலப் பெயின்ட்டில் பெரிதாக எழுதிவிட்டுப் போகச் சொன்னாள்.

பின்னால் வந்தவற்றுக்குப் பெயர் வைப்பது ஹபீபுன்னிசாவின் பொறுப்பாயிற்று. ஒற்றைக் கண்ணோடு வந்த கடுவன் தரையில் வைத்தால் சாப்பிடாது, முக்காலி மேல் வைத்தால்தான் சாப்பிடும். அதற்கு நவாபு. ஒரே கூடையில் வந்த அக்கா தங்கை இரண்டில் ஒன்று குண்டு, மற்றது எலும்பும் தோலும். அவை ஜாஸ்தியும் கம்மியும். வால் அறுந்து வந்தது மொட்டைவாலு. யார் அழுதாலும் பக்கத்தில் போய் உட்காருகிற சாம்பல் நிறப் பூனைக்கு மட்டும் அவள் தன் இறந்துபோன தங்கையின் பெயரை வைத்தாள். அதைச் சரசுவிடம் சொல்லவில்லை. பீபி ஜான் என்று கூப்பிட்டால் அது வரும், அவ்வளவுதான் சரசுவுக்குத் தெரியும்.

எழுபத்தொன்பதில் அந்த நோவு வந்தது. முதலில் ஆர்டினரி தண்ணீர்த் தொட்டி முன்னால் உட்கார்ந்து, குடிக்காமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தது. மறுநாள் வாந்தி. அதற்கு மறுநாள் மூன்று பூனைகள். கால்நடை ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் அய்யூப் வேலை முடிந்ததும் சைக்கிளில் வந்து, தன்னால் முடிந்ததைச் செய்தார். தோலுக்கடியில் சலைன் ஏற்றினார்.

“மருந்துன்னு ஒன்னும் கெடையாதுக்கா இதுக்கு. தண்ணி ஏத்தலாம். பொழைக்கிறது பொழைக்கும்” என்றார்.

ஒன்பது நாளில் பதினோரு பூனைகள் போயின. ஜாஸ்தி போயிற்று, கம்மி பிழைத்தது. பீபி ஜான் ஒரு மத்தியானம், யாரும் அழாத நேரத்தில், அரிசி மூட்டைக்குப் பின்னால் போய்ப் படுத்துச் செத்துக் கிடந்தது. லைட்னிங் கடைசி. பின்பக்கம் புங்க மரத்தடியில் குழி தோண்டித் தோண்டி ஹபீபுன்னிசாவின் உள்ளங்கைகள் கொப்பளித்துவிட்டன. எல்லாம் முடிந்த அன்று, இரண்டு பெண்களும் கிணற்றடியில் தட்டுகளைச் சோடா போட்டுக் கொதிக்கவைத்துக் கழுவினார்கள்.

“போதும்மா. இனிமே என்னால ஆவல” என்றாள் ஹபீபுன்னிசா.

“எனக்கும்தான் ஆவல” என்றாள் சரசு. “நாளையிலேருந்து யாரு கொண்டாந்தாலும் வேணாம்னுடலாம்.”

மறுநாள் கேட்டில் ஒரு கூடை இருந்தது. கொண்டுவந்தவர் யாரும் இல்லை, வேண்டாம் என்று சொல்ல. ஹபீபுன்னிசா கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

இப்போது, எண்பத்து மூன்றில், சரசுவுக்கு நினைவு கழன்றுகொண்டிருந்தது. நம்பர்கள் போகவில்லை. நகராட்சி நம்பர், மில் நம்பர் எல்லாம் கேட்டவுடன் சொல்வாள். செத்தவை செத்துவிட்டன என்பதுதான் நிற்கவில்லை. லைட்னிங்கைக் கேட்டவள், பிறகு ஜாஸ்தியைக் கேட்டாள், சூப்பர்வைசரைக் கேட்டாள். ஹபீபுன்னிசா உண்மையைச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் சரசு அதைப் புதிதாகக் கேட்டு, புதிதாக அழுதாள். ஒரே பூனை அந்த வீட்டில் முப்பது தடவை, நாற்பது தடவை செத்தது.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் ஹபீபுன்னிசா பொய் சொன்னாள். “வெளியில போயிருக்கும்மா. வரும்.”

சரசு நாற்காலியைக் கேட்டருகில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வெயில் ஏறியது. சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை. “அது வந்து பாத்துட்டு நான் இல்லன்னா திரும்பிப் போயிடும்” என்றாள். சாயங்காலம் வரைக்கும் அங்கேயே இருந்தாள். அவளைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிவந்தபோது, பொய்யைவிட உண்மையே மேல் என்று ஹபீபுன்னிசாவுக்குத் தோன்றியது. அடுத்த வாரம் உண்மையைச் சொல்லி, அழுகையைப் பார்த்தபோது, பொய்யே மேல் என்று தோன்றியது. எதைச் சொல்கிறோம் என்பது அன்றன்றைக்கு அவள் உடம்பில் எவ்வளவு தெம்பு இருக்கிறது என்பதைப் பொறுத்ததாகிவிட்டது. காலையில் வீட்டுக்குள் நுழையும்போதே கால்கள் கனத்தன.

எண்பத்தைந்து சித்திரையில் சரசுவின் தம்பி தசரதன் வேலூரிலிருந்து வந்தார். அங்கே அரசாங்க உத்தியோகம். கெட்ட மனிதர் இல்லை. அவர் மனைவி மூட்டுவலிக்காரி. அவரே காலையில் காபி போட்டு, சாதம் வடித்துவிட்டு ஆபீஸ் போகிறவர். வந்தவர், அக்கா தன்னை யாரென்று கேட்டதும் சற்று நேரம் மதில் பக்கம் போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்.

“ஹபீபும்மா, நீங்க சொல்லுங்க. இதுக்கு மேல இங்க வச்சிருக்க முடியுமா?”

“முடியாது சார்.”

இவ்வளவு சீக்கிரம் அந்தப் பதில் வருமென்று அவர் எதிர்பார்க்கவில்லை. “நான் வேலூருக்கு இட்டுனு போறேன். ஆனா பூனைங்கள...”

“அதுங்கள நான் பாத்துக்குறேன். ஒம்பதுதான் கீது.”

சரசு எதிர்ப்பு எதுவும் காட்டாமல் பஸ் ஏறினாள். ஊருக்குப் போகிற சந்தோஷத்தில் புதுப் புடவைகூடக் கட்டியிருந்தாள். பஸ் கிளம்பியபோது ஜன்னல் வழியாக, “லைட்னிங்குக்கு முள்ளு எடுத்துட்டு வை” என்றாள். ஹபீபுன்னிசா தலையாட்டினாள். பூனை வீட்டுக்குத் திரும்பிப் பாயைப் போட்டுப் படுத்தாள். அழுகை வருமென்று நினைத்தாள். தூக்கம்தான் வந்தது. ஒன்பது பூனைகளும் கதவைப் பிறாண்டி எழுப்புகிற வரைக்கும் தூங்கினாள்.

இரண்டு மாதம் கழித்துத் தசரதன் மறுபடி வந்தார். ஆள் இளைத்திருந்தார்.

“சாப்புட மாட்டேங்குறாங்க. பூனைங்க எங்க, பூனைங்க எங்கன்னு ஒரே கேள்வி. பேர் பேராச் சொல்லிக் கேக்குறாங்க, எனக்கு ஒரு பேரும் தெரியல. ஏதாவது சொன்னா, நீ யாரு, உனக்கு இன்னா தெரியும்னு கோவப்படுறாங்க. நீங்க ஒரு நடை வர முடியுமா?”

ஹபீபுன்னிசாவுக்குப் போக விருப்பமில்லை. மறுபடி அந்தப் படி, அந்தக் கேள்வி, அந்த அழுகை. “எனக்கு மட்டும் சார் இன்னா சொல்றதுன்னு தெரியும்?” என்றாள். அவர் முற்றத்தில் நின்றபடியே, காலில் வந்து உரசிய கம்மியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பூனைகளுக்கு ஒரு வேளை சோறு வைக்கச் சொல்லி அய்யூப்பிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, மறுநாள் அவள் பஸ் ஏறினாள்.

போளூர் தாண்டும் வரைக்கும் நின்றுகொண்டே போனாள். வேலூரில் வீட்டைக் கண்டுபிடித்து உள்ளே நுழைந்தபோது பதினொரு மணி இருக்கும். ஜன்னலோரக் கட்டிலில் சரசு உட்கார்ந்திருந்தாள். தலை வாரிவிட்டிருந்தார்கள். எதிரில் இட்லித் தட்டில் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது.

“வாங்க” என்றாள் சரசு. பதினோரு வருஷத்தில் அவள் ஹபீபுன்னிசாவை ‘ங்க’ போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

“என்னைத் தெரியுதாம்மா?”

“தெரியுமே” என்றாள், தெரியாதவர்கள் சொல்கிற மாதிரி. பிறகு குரலைத் தாழ்த்தி, “இங்க பூனை எதுனா பாத்தீங்களா? இருந்துச்சு. நெறைய இருந்துச்சு. இவங்க யாருக்கும் தெரியல.”

ஹபீபுன்னிசா வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்த உண்மையும் பொய்யும் அவள் வாய்க்கு வரவில்லை. இரண்டையும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தாள். ஏதாவது பேச வேண்டுமே என்று, முதலில் இருந்து சொல்ல ஆரம்பித்தாள்.

“எக்ஸ்சேஞ்சுல ஒரு பேட்டரி ரூம்பு இருந்துச்சும்மா...”

“சாவி ஆணியில மாட்டியிருக்கும்” என்றாள் சரசு.

“ஆமா. அதுக்குள்ள ஒரு பூனை பூந்து, பெட்டியில நாலு குட்டி போட்டுச்சு.”

“ஆசிட் ரூம்ல போயா?”

“அதான. வெந்து செத்துப்போயிடுமேன்னு ஒரு அம்மா அதுங்கள கூடையில போட்டு, ரிச்சால வீட்டுக்கு இட்டாந்தாங்க.”

சரசு கால்களை மடக்கிக்கொண்டு முன்னால் சாய்ந்தாள். ஹபீபுன்னிசா சொல்லிக்கொண்டே போனாள். லைட்னிங் என்று பெயர் வைத்துவிட்டு அதன் வளைந்த காலைப் பிறகு கவனித்த கதைக்குச் சரசு வாய்விட்டுச் சிரித்தாள். நவாபுக்கு முக்காலி போட்ட கதையில், “திமிரு புடிச்சது” என்றாள். கேட்டுக்கொண்டே, கை போன போக்கில் இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். வாசற்படியில் நின்ற தசரதன் அசையவில்லை.

நோவு வந்த வருஷத்துக்கு வந்ததும் ஹபீபுன்னிசா நிறுத்தினாள்.

“அப்புறம்?” என்றாள் சரசு.

அப்புறத்தையும் சொன்னாள். ஆர்டினரி தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஜாஸ்தி. அரிசி மூட்டைக்குப் பின்னால் பீபி ஜான். அது தன் தங்கை பேர் என்றும், பதினாறு வயதில் காய்ச்சலில் போனவள் என்றும் சொன்னாள். யாரிடமும் சொல்லாததை ஏன் இங்கே சொல்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. புங்க மரம். கொப்பளித்த கை.

சரசு அழவில்லை. யார் வீட்டுத் துக்கத்தையோ கேட்பதுபோல நிதானமாகக் கேட்டாள்.

“யாரு வீட்டுப் பூனைங்க அது?”

“உங்க வீட்டுதும்மா. நீங்க வளத்தது.”

“நானா? அத்தனையும் நானா வளத்தேன்?” அவள் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தாள். “யாரு சமைச்சது, கழுவுனது, குழி தோண்டுனது?”

“நான்தாம்மா.”

“ரொம்பக் களைப்பா இருந்திருக்குமே உனக்கு.”

பதினோரு வருஷத்தில் அதை யாரும் கேட்டதில்லை. சரசுவும் கேட்டதில்லை, அவளும் அதே களைப்பில் இருந்ததால். ஹபீபுன்னிசா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

“இருந்துச்சும்மா” என்றாள். “ரொம்ப இருந்துச்சு.”

“மேல வந்து ஒக்காரு. ஏன் தரையில ஒக்காந்திருக்க? சாப்ட்டியா?”

அதன் பிறகு மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹபீபுன்னிசா வேலூருக்குப் போனாள். பேட்டரி அறையிலிருந்துதான் ஒவ்வொரு தடவையும் ஆரம்பிக்க வேண்டும். நடுவில் ஒரு பூனையை விட்டுவிட்டாலும் சரசுவுக்குத் தெரியப்போவதில்லை, ஆனால் அவள் விடவில்லை. சில நாள் சரசு சிரித்தாள். சில நாள் முழுக்கத் தூங்கிவிட்டாள். தூங்குகிறவளுக்குச் சொல்லி முடித்துவிட்டு, தசரதன் போட்டுக் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, நாலு மணி பஸ்ஸில் திரும்புவாள். எண்பத்தேழு தை மாதம் சரசு இறந்தாள். தகவல் வந்து இவள் போவதற்குள் எடுத்துவிட்டிருந்தார்கள். “உங்களுக்காக மத்தியானம் வரைக்கும் பாத்தோம்” என்றார் தசரதன். “பரவால்ல சார்” என்றாள்.

வீட்டை ஒரு பள்ளிக்கூட வாத்தியார் குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டார்கள். அதற்குள் மூன்று பூனைகள் வயதாகிப் போயிருந்தன. இரண்டை அய்யூப் எடுத்துக்கொண்டார். ஒன்று சாந்த் பாஷாவின் கடையடியில் தங்கிவிட்டது. இரண்டு, ஆள் மாறியதைப் பொருட்படுத்தாமல் வாத்தியார் வீட்டிலேயே இருந்துகொண்டன. கம்மியை மட்டும் ஹபீபுன்னிசா ஊருக்குள் மகள் சாயிரா பானுவின் வீட்டுக்குக் கூடவே கொண்டுவந்தாள். பல் போய்விட்டது அதற்கு. மீனை நசுக்கிக் கொடுக்க வேண்டும்.

மறு வருஷம், கார்த்திகைக்கு முன்னால், காசியம்மாள் என்று ஒரு பெண் கூடையோடு வந்து வாசலில் நின்றாள்.

“பூனை வீட்டம்மா இங்கதான இருக்காங்க? செங்கம் ரோட்டுல கேட்டேன், இங்க சொன்னாங்க. மூணு குட்டி. தாயை லாரி அடிச்சிடுச்சு.”

ஹபீபுன்னிசா எழுந்து வந்து நின்றாள். கூடைக்குள் பார்க்கவில்லை.

“நான் வச்சிக்கிறதில்லம்மா இப்ப.”

“ஒன்னே ஒன்னாவது...”

“முடியாதும்மா. கால்நடை ஆஸ்பத்திரியில அய்யூப்னு கம்பவுண்டர் இருப்பாரு. ஹபீபு அனுப்புனாங்கன்னு சொல்லு. பசும்பால் வேணாம், வயித்தால போவும். ஆட்டுப்பால்ல தண்ணி கலந்து, துணியில நனைச்சிக் குடு. கூடைக்கடியில பழைய புடவை எதுனா போடு, குளிருது.”

அந்தப் பெண் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள். உள்ளேயிருந்து சாயிரா பானு, “ஒன்னை வாங்கியிருக்கலாம்ல, அம்மா. வீட்டுல எடம் இல்லாமயா?” என்றாள்.

“வேணாம்டி” என்றாள் ஹபீபுன்னிசா.

காசியம்மாள் தெருமுனை திரும்பும்வரைக்கும் குட்டிகளின் சத்தம் கேட்டது. பிறகு பஸ் ஒன்று போயிற்று. ஹபீபுன்னிசா முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்து, முறத்தை மடியில் இழுத்து வைத்து, அரிசியில் கல் பொறுக்க ஆரம்பித்தாள்.